குங்குமம் வைத்த கட்டை

இன்று காலை எங்கள் வீட்டு மதிலில் அபிவிருத்தி அலுவலகத்து ஆட்கள் சிவப்புப் பெயின்ட்டால் இலக்கம் எழுதிவிட்டுப் போனார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் பிறந்த ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயம் கண்முன் வந்து நின்றது.

ஈர விறகின் புகையும், மழைக்குத் தடதடக்கும் தகரமும், ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் விழித்துக்கொள்ளும் மெல்லிய சுவர்களுமாக இருந்த அந்த லயத்துக்கு, ஒருநாள் அளவெடுக்க வந்தவர்கள் வாசலெங்கும் கட்டைகளை அடித்து, கதவுகளில் சிவப்பு இலக்கம் போட்டார்கள். புதுவீடு கட்டித்தரத்தான் என்று நம்பிய அம்மா, அத்திவாரக் கல்லுக்குச் செய்வதுபோல எங்கள் கட்டைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். தண்ணீர் ஓடும் கானுக்கு அப்பால் தனியாக இருந்ததால் விடுபட்ட மாரியக்கா, "ஐயா, எங்க கதவுக்கும் ஒன்னு போட்டுட்டுப் போங்க" என்று பின்னாலேயே ஓடினார். அவர்கள் சிரிக்காமல் போட்டுக்கொடுத்தார்கள்.

இலக்கம் போட்ட கதவுகளையெல்லாம் இடித்தார்கள். மாரியக்கா கேட்காமலிருந்தால் அவருடைய காம்பராவாவது தப்பியிருக்கும். இப்போது அங்கே ஒரு ஹோட்டலின் புல்தரை.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ரீச்சர் கேற்றடிக்கு வந்தார். "எங்கட மதிலை விட்டிட்டுப் போட்டினம். ஒருக்கா அவையைக் கூப்பிடுங்கோவன்."

அம்மா உள்ளே போய் சாமிப் படங்களைச் சுவரிலிருந்து கழற்றத் தொடங்கினார்.