சூப்பானுக்கு ஓர் அர்ச்சனை

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவள் வாயிலிருந்த ரப்பர் சூப்பானுக்கும் ஏறக்குறைய அதே வயது. பிடுங்கினால் கிள்ளான் ஊர் முழுவதும் கேட்கும்படி கத்துவாள். கொடுத்துவிட்டால் பேச்சுமூச்சு இருக்காது. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன். பாகற்காய் தின்று வளர்ந்த பிள்ளை, நக்கிவிட்டு இன்னும் கேட்டாள். நுனியை வெட்டி வைத்தேன். பிள்ளை ஏங்கிப் போய்விடுமாம், அன்று மாலையே என் கணவர் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். இந்த இரண்டு பேரில் யாருக்கு முதலில் பால்குடி மறக்கடிப்பது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதுவரை பகலில் பண்டமாரானில் தன் வீட்டில் அவளைப் பார்த்துக்கொண்ட ஆன்டி, முட்டிவலி தாங்கவில்லை, இந்த வாரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். என் ஆபீஸ் பிரிக்பீல்ட்ஸில். அதற்குப் பக்கத்திலேயே ஒரு பாலர் பள்ளியில் இடம் கிடைத்தது, ஒரே நிபந்தனையோடு.

"பூத்திங் சூப்புற பிள்ளைய எடுக்க மாட்டோம் அக்கா. ஒரு பிள்ளை வாயில வச்சிருந்தா எல்லா பிள்ளையும் கேக்கும் லா" என்றார் ஆசிரியை. சூப்பானுக்கு எங்கள் ஊரில் பூத்திங் என்றுதான் பேர்.

திங்கட்கிழமைக்குள் அந்த ரப்பர் போயாக வேண்டும். போகாவிட்டால் பிள்ளையை விட இடமில்லை. இடமில்லாவிட்டால் என் வேலை போய்விடும்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்து தொலைத்திருக்கவே வேண்டாம்.

"பாப்பா பெரிய பிள்ளை ஆயிருச்சுல்ல? பூத்திங்க சாமிக்குக் குடுத்துடலாமா?" என்று கேட்டேன். தலையாட்டினாள்.

அன்று மாலை மூவருமாகக் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பூ, நடுவில் கழுவித் துடைத்த சூப்பான். அவளே தன் கையால் தட்டை நீட்டினாள். குருக்கள் ஒரு கணம் தயங்கினார். ஆனால் புதுக் கார் சாவியும் பரீட்சைப் பேனாவும் தினம் அர்ச்சனைக்கு வரும் ஊரில் அவர் பார்க்காததா? பெயரும் நட்சத்திரமும் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். எனக்கு மனசு லேசாகிவிட்டது. இனி அது சாமி பாடு என்று நிம்மதியாகக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

விவரம் தெரிந்த நாளிலிருந்து அர்ச்சனை செய்கிறேன். தட்டில் வைப்பது திரும்பி வரும் என்பது அன்று மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை. தேங்காய் மூடி, பழம், பூ, அதன்மேல் குங்குமப் பொட்டோடு சூப்பான். குருக்கள் சிரித்தபடி அதை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"சாமி எனக்கே குடுத்திருச்சு!" என்று கோயில் அதிரக் கத்தினாள். அடுத்த நொடி அது வாய்க்குள் இருந்தது.

"வீட்டுக்குப் போனதும் குப்பையில வீசறேன் பாருங்க" என்றேன் காரில் ஏறியதும்.

"பிரசாதம் லா அது. குப்பையில போடக் கூடாது" என்றார் கணவர், வெகு சாந்தமாக. வெறும் கணவராக இருந்தபோதே சமாளிக்க முடியவில்லை. இப்போது சாமியும் அவர் கட்சி. மடியிலிருந்த தேங்காய் மூடியை எங்கே உடைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

கோயிலுக்குப் போய் வந்தால் பக்கத்து வீட்டுக்குப் பிரசாதம் கொடுப்பது எங்கள் வழக்கம். தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவது மகளின் வேலை. அன்றும் போனாள். பக்கத்து வீட்டு அக்கா பழத்தையும் பூவையும் எடுத்துக்கொண்டார். மகள் நகரவில்லை. வாயிலிருந்ததை உருவித் தட்டில் வைத்து, "இதும் சாமி குடுத்ததுதான், ஆன்டி" என்றாள்.

எச்சில் சொட்டியது. அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சாமி பெயரைச் சொல்லிப் பிள்ளை நீட்டும்போது எப்படி வேண்டாம் என்பது? ஒரு வெற்றிலையால் அதைப் பிடித்து எடுத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோசம் பாப்பா" என்று சொல்லி உள்ளே போனார். பிறகு அதை என்ன செய்தார் என்று நான் கேட்கவே இல்லை.

கொடுத்துவிட்டோம் என்பது அவளுக்குப் படுக்கப் போகும்போதுதான் உறைத்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீடு வீடாக இல்லை.

"குடுத்த பிரசாதத்தத் திருப்பிக் கேக்கக் கூடாது" என்றேன், கணவரின் அதே சாந்தக் குரலில். புதிதாக ஒன்று வாங்கக் கார் சாவியை எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பரம சந்தோஷம்.

திங்கட்கிழமை கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தோம். பண்டமாரானில் விடும்போதெல்லாம் வாயில் சூப்பானோடு கையை மட்டும் ஆட்டுவாள். நானும் ஆட்டிவிட்டுக் காரை எடுத்துவிடுவேன். பிள்ளை அவ்வளவு சமர்த்து என்று ஆபீஸில் பெருமை வேறு அடித்துக்கொள்வேன்.

பாலர் பள்ளி வாசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கத்துவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கத்தவில்லை. அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, "தினமும் என்ன விட்டுட்டுப் போயிடுறியே, ஏம்மா?" என்று கேட்டாள்.

"நீங்க போங்க அக்கா, நாங்க பாத்துக்கிறோம்" என்றார் ஆசிரியை. ஆபீஸுக்கு ஏற்கெனவே நேரமாகியிருந்தது. என் சட்டையிலிருந்து அவள் விரல்களைப் பிரித்து எடுத்துவிட்டுப் போனேன்.