சான்று கிடைக்காத பந்தி

புத்தளம் டவுனில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் சனிக்கிழமைகளில் எங்களுக்கு வகுப்பு நடந்தது. வெளிவாரியாகத் தமிழில் பட்டம் எடுக்க ஆசைப்பட்ட ஒரு சிறு கூட்டம் நாங்கள். நான் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதிரையில் எத்தாளையிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா ஒருவர் இருப்பார்; ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட நன்றாக மூத்தவர், ஆனாலும் என்னை "நீங்க" என்றுதான் கதைப்பார்.

அவருடைய மாப்பிள்ளை, அதாவது கணவர், கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. இரண்டு பேர் போன படகு கவிழ்ந்து, கூடப் போனவரை மட்டும் வேறு படகுக்காரர்கள் தூக்கிவந்திருந்தார்கள். உடல் கிடைக்கவில்லை. மௌத்துத்தான், ஆள் இறந்துவிட்டார் என்று ஊரே சொன்னது. ஆனால் ராத்தா இத்தா இருக்க மறுத்துவிட்டார். கணவனை இழந்தவள் வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்கவேண்டிய அந்த மாதங்களைத் தொடங்கினால், தானே அதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தார்.

"கை நழுவிட்டுது, பிறகு காணல்ல என்றுதானே அந்த மனுசன் சொல்றாரு. மௌத்தானதக் கண்டேன் என்று சொல்லல்லயே," என்றார் ஒருநாள் என்னிடம். இத்தா இருக்கவேண்டியவள் பஸ் ஏறிப் படிக்கப் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் முகம் பார்ப்பதில்லையாம். அதற்காகவே ஒரு வகுப்பையும் அவர் விடவில்லை.

அந்த வருஷம் பாடத்துக்கு இருந்த நாவல் ஒரு மீனவப் பெண்ணைப் பற்றியது. புருஷன் தொழிலுக்கென்று தூர ஊருக்குப் போகிறான், பிறகு தகவலே இல்லை. வகுப்பெடுத்த சேர் இதெல்லாம் அறியாதவர். "கணவன் திரும்பி வருவான் என்று அவள் நம்புகிறாளா? நாவலிலிருந்து சான்று காட்டி ஒரு பந்தி எழுதுங்க" என்றார். முதல் வரியில் உங்கள் கருத்து, பிறகு நாவலின் வரி, பிறகு அந்த வரி எப்படி அந்தக் கருத்தைக் காட்டுகிறது என்ற விளக்கம். சான்றில்லாத கருத்துக்குப் புள்ளியில்லை.

நான் ராத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பேனையை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார்.

நம்புகிறாள் என்று எழுதினார். அவள் தினமும் இரண்டு பேருக்குச் சோறாக்குவதைச் சான்றாகக் காட்டினார். அடுத்த கிழமை சேர் அதைத் திருத்தித் தந்தார்.

"இது நம்பிக்கை இல்ல, பழக்கம். அடுத்த அதிகாரத்தில அந்தச் சோற்றைக் கோழிக்குத்தானே போடுறா?"

"ஓம் சேர். வேற எடுக்கிறேன்," என்றார் ராத்தா.

வகுப்பு முடிந்து பஸ் வரும்வரை இருவரும் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினோம். பக்கத்தில் பாண் தின்றுகொண்டிருந்தவர்கள் எங்களைப் பரீட்சைக்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள். அவள் கடலோரம் போய் நிற்கும் இடத்தை ராத்தா காட்டினார். மீன் வாங்கப் போனவள் அங்கே நிற்கிறாள், அவ்வளவுதான். வாசல் கதவைத் திறந்துவைத்துப் படுக்கும் இடத்தைக் காட்டினார். புழுக்கம் என்று அதே வரியிலேயே இருந்தது. புருஷனின் சேர்ட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிடும் பக்கம் வந்தபோது அதை வேகமாகப் புரட்டினார்.

"நீங்க என்ன எழுதினீங்க தங்கச்சி?"

நம்பவில்லை என்றுதான் எழுதியிருந்தேன். அந்தச் சேர்ட்டைத்தான் சான்றாக வைத்திருந்தேன். நல்ல புள்ளி கிடைத்திருந்தது. தாளை வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டு மடித்துத் தந்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கதை வேறு, வாழ்க்கை வேறு ராத்தா என்று தொடங்கினேன். எத்தாளை வழியே போகும் கற்பிட்டி பஸ் வந்துவிட்டது. அவர் ஏறிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. போன் எடுத்தால் அணைத்துவைத்திருந்தது. பாடசாலை விடுமுறையில் எத்தாளைக்குப் போனேன். வெங்காயத் தோட்டங்களைக் கடந்து, கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். அவருடைய மச்சி, கணவரின் தங்கை, கதவைத் திறந்து, பொம்பிளை என்று கண்டதும் உள் அறைக்குக் கூட்டிப்போனார். ராத்தா வெள்ளை உடுத்துப் பாயில் இருந்தார். யன்னல் சாத்தியிருந்தது.

மச்சியிடம் எனக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். பிறகு மெல்ல, "அந்தப் புத்தகத்த முழுசா இன்னொருக்கா வாசிச்சேன்" என்றார்.

"ஏன் ராத்தா? அது யாரோ எழுதினதுதானே."

"ஓம். எழுதின ஆள் அவள் நம்புறாள் என்று காட்ட ஒரு வரி போட்டிருக்கலாம். போடல்ல." சற்று நேரம் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "ஊர் சொன்னதுக்காக இத்தா இருக்கல்ல தங்கச்சி. நானும் என்ட பக்கத்துக்கு ஏதாவது இருக்கா என்று தேடிப் பார்த்தேன். புத்தகத்திலயும் பார்த்தேன், படகில கூடப் போன மனுசன் சொன்ன கதையிலயும் பார்த்தேன். ஒண்டுமில்ல."

அழுவார் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. இத்தா முடிந்ததும் வகுப்புக்கு வாங்க என்று சொன்னேன். பார்ப்போம் என்றார். அவர் குரலில் அதற்கான எண்ணமே இருக்கவில்லை.

இத்தா முடிந்தும் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் பிடுங்கப் போவதாக அவருடைய மச்சி போனில் சொன்னார். போனை ராத்தாவிடம் கொடுக்கச் சொன்னேன். களைத்துப்போய்ப் படுத்திருக்கிறார் என்றார். பிறகு எடுத்த நேரமெல்லாம் அதே பதில்தான். நானும் எடுப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

பரீட்சையில் அந்த நாவலிலிருந்து கேள்வி வந்தது. நான் எழுதினேன், சித்தியடைந்தேன். இன்றும் அதே பாலர் பாடசாலையில்தான் படிப்பிக்கிறேன்.