குளியலறைக் கதவுக்குப் பின்னால்

கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் பிராகா நகரத்து ஜிஷ்கோவ் பேட்டையில் எங்கள் குடியிருப்புக்கே அலோய்ஸ்தான் ராஜா. பண்டிகை விருந்துக்கு உயிரோடு வாங்கிய கெண்டை மீனை ஆளாளுக்குக் குளியல் தொட்டியில் மூன்று நாள் நீந்தவிட்டுப் பாசம் வைத்துவிடுவார்கள். பிறகு அடித்துக் கொல்லக் கை வராமல் அவன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் பாடுவான். ரத்தக் கறை பட்ட ஏப்ரனோடு வெளியே வருவான். கும்பிடாத குறையாகப் பிளம் சாராயத்தை நீட்டுவார்கள். அதில் அவனுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

உள்ளே மீனை அடித்ததென்னவோ அவன் மனைவி ஹெட்விகா. கூடவே உள்ளே போகிறவள் சட்டி பிடிக்கப் போகிறாள் என்றுதான் ஊர் நினைத்தது. இந்த மகாராஜன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடியதோடு சரி.

ஒரு வசந்தத்தில் ஐந்து சிறுகதைகளைச் சேர்த்து எடுத்த படம் ஒன்று வந்தது. எங்களைப் போன்ற சாதாரண ஜனங்களின் கதைகளாம். ஹெட்விகா கிளாஸ் கழுவும் பீர்க்கடையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே ஓர் எழுத்தாளர், அவர் எழுதியவை. மதியக் காட்சிக்குக் குடியிருப்பே திரண்டு போயிற்று.

முதல் இரண்டு கதைகளுக்கு அலோய்ஸ் வயிறு வலிக்கச் சிரித்தான். மூன்றாவதில் ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் பாடினான். பெண்டாட்டி கெண்டையை அடித்து, ரத்தக் கையை அவன் ஏப்ரனில் துடைத்தாள். சிரிப்பில் தியேட்டரே அதிர்ந்தது. பாட்டுகூட அதே பாட்டு. முன்வரிசையில் இருந்த மாடிவீட்டு விலெம் மெல்லத் திரும்பி அலோய்ஸைப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பிற்று. அந்த ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவன் யாரிடமும் சொல்லவில்லை.

தெருவுக்கு வந்ததும் கேட்டுவிட்டான். "கூடவே இருந்து கழுத்தறுத்துட்டியேடி."

அவள் மறுக்கவில்லை. அந்த எழுத்தாளர் உன் புருஷன் பெரிய ஆள்தான் என்று ஒருநாள் புகழ்ந்தாராம். அவளுக்குப் பொறுக்கவில்லையாம். யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று சத்தியம் பண்ணினாராம், பாவி மனுஷன்.

"பதினெட்டு வருஷமா நான்தானே அடிக்கிறேன், அலோய்ஸ். இவளுக்கும் ஒரு வாய் ஊத்துங்கன்னு ஒருநாளாவது சொன்னியா? யாரோ ஒருத்தருக்காவது தெரியட்டும்னு சொன்னேன்."

"இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. சந்தோஷமா?"

"படத்தோட கடைசியில பேரெல்லாம் போட்டாங்களே, பாத்தியா?" ஹெட்விகா தியேட்டர் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தப் புருஷனுக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க. படத்துல மீனைத் தூக்கிட்டு வர்ற மாடிவீட்டுக்காரனுக்கும் வச்சிருக்காங்க. எனக்கு வெறும் 'பெண்டாட்டி'ன்னு போட்டிருக்கு."