அறுபது ஊக்கும் ஒரு நண்டும்

மேடையில் ஏறுகிற பிள்ளைக்குக் கைதட்ட முந்நூறு பேர் இருப்பார்கள். ஏறுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் "ஒண்ணுக்கு வருது" என்கிற பிள்ளைக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

இரண்டு பேர் என்றால் நானும் மல்லிகாவும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற வழியில் உள்ள ஓர் இன்டர்நேஷனல் பள்ளியில் யு.கே.ஜி. ஆயாம்மாக்கள். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். மகன் திருப்பூரில். மகளைத் திருத்துறைப்பூண்டியில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் நானும் வீட்டுக்காரரும் டி.வி.யும் மட்டும் என்றானபிறகு, சின்னப் பிள்ளைகளின் சத்தம் வேண்டுமென்று நானாகத் தேடிப் போன வேலை இது.

போன வருஷம் ஆடி மாதம் முழுக்க எங்கள் பள்ளியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் மேடை நிகழ்ச்சி, மற்ற நாட்களில் எல்லாவற்றையும் கையால் செய்து பார்த்துக் கற்றுக்கொள்வது. பிள்ளைக்கு வேஷம் கட்டி அனுப்பி அனுபவப்பட்ட தாய்மார்களே, என்னைப் போன்ற ஆயாம்மாக்களே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது.

டப்பா கைக்கு வந்தது

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு ரேவதி மேம். சின்ன வயசு, நல்ல மனசு, ஆனால் எதையும் நோட்டில் எழுதினால்தான் நம்புவார். மாதம் தொடங்கின அன்று என்னைக் கூப்பிட்டு ஒரு டப்பாவைக் கொடுத்தார். உள்ளே அறுபது ஊக்கு. வேஷம் கட்டும்போது எண்ணி எடுக்க வேண்டும், அவிழ்த்ததும் எண்ணி வைக்க வேண்டும், நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "சின்னப் பிள்ளைங்க, எதையும் வாயில வெச்சுக்குவாங்க. ஒரு பின் காணாம போய் அது ஒரு பிள்ளைக்கு ஆபத்தா முடிஞ்சா, உங்களை வராண்டா துடைக்கிற வேலைக்கு மாத்துறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல ஆயாம்மா" என்றார். வராண்டா துடைக்க எனக்கு வெட்கமில்லை. ஆனால் வராண்டா வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளாதே!

பிறகு என் கழுத்தைப் பார்த்தார். தாலிக்கயிற்றில் ஐந்து ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தூக்கும்போது கன்னத்தில் கீறும், இனிமேல் கூடாது என்றார். நியாயம்தான். ஆனால் நீங்களே சொல்லுங்கள், கொக்கி அறுந்தாலும் செருப்பு வார் அறுந்தாலும் கல்யாண வீட்டில் யாருக்காவது முந்தானை நழுவினாலும் நமக்குக் கை எங்கே போகும்? முப்பது வருஷப் பழக்கம். அன்று சாயங்காலமே ஐந்தையும் கழற்றிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, காபி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். வீட்டுக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"என்ன, நீ வர்ற சத்தமே கேக்கல?"

குதிரைக்கு அவசரம்

முதல் வெள்ளிக்கிழமை பொய்க்கால் குதிரை. அட்டையில் செய்த குதிரையைக் கவின் என்கிற பிள்ளையின் இடுப்பில் மாட்டி, தோள்பட்டையில் வாரைச் சேர்த்து நாலு ஊக்கு, ஜிப்பாவில் இரண்டு, தலைப்பாகையில் ஒன்று. முக்கால் மணி நேர வேலை. மேடைக்குப் பின்னால் வரிசையில் நிறுத்தினோம். மேளம் ஆரம்பித்தது. சேலைக்கு மேலே நான் போட்டிருந்த யூனிஃபார்ம் கோட்டைக் கவின் பிடித்து இழுத்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

குதிரையோடு கழிவறைக் கதவுக்குள் நுழைய முடியவில்லை. முன்பக்கமாகப் போனால் தலை இடிக்கிறது, பின்பக்கமாகப் போனால் வால் மாட்டுகிறது. கழற்றினால் மறுபடி கட்ட நேரமில்லை. கடைசியில் நான் குதிரையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ள, மல்லிகா கீழே குனிந்து காரியத்தைப் பார்த்தாள். ஒரு ஊக்குகூட அவிழவில்லை. கவின் ஓடிப்போய் ஆடினான், அப்படி ஒரு கைதட்டல். மல்லிகா மட்டும் கையைக் கழுவிக்கொண்டே புலம்பினாள்.

"மனுஷப் புள்ளைக்குன்னுதான் சம்பளம் பேசினாங்க. குதிரைக்கு யாரும் பேசலையே அக்கா!"

தலைகீழ் நாற்று

பள்ளிக்குப் பின்னால் நாலு கட்டில் போடுகிற அளவு இடத்தில் சேறு கலக்கி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் நாற்று நட வேண்டும். எல்லாருக்கும் புதுசாக ரப்பர் பூட்ஸ். நான் குத்தாலம் பக்கத்தில் பிறந்தவள், கல்யாணத்துக்கு முன்னால் நடவுக்குப் போனவள். பூட்ஸ் வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பிள்ளைகள் இறங்கினார்கள். அவ்வளவுதான், ஒருத்தரும் நகரவில்லை. பூட்ஸ் சேற்றிலேயே நின்றது. தூக்கினால் பிள்ளை மட்டும் கையோடு வந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளை அப்படிப் பிடுங்கி எடுத்தோம். நடவுக்கு வந்துவிட்டு நாற்றுப் பறிக்கிற வேலை செய்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் வெறுங்காலோடு நட்டார்கள். அழகாகத்தான் நட்டார்கள். கவின் மட்டும் தன் நாற்றை வேர் மேலே, இலை சேற்றுக்குள் என்று நட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். "கண்ணு, திருப்பி நடணும்ப்பா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அது குனிஞ்சு தண்ணி குடிக்குது ஆயாம்மா. குடிச்சிட்டு எந்திரிக்கும்."

நின்ற பஸ்

இரண்டாம் வெள்ளிக்கிழமை கும்மி. அவிழ்த்து எண்ணினால் ஐம்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன், ஐம்பத்தொன்பது. மல்லிகா எண்ணினாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வந்தது, அதை விடுங்கள். "புன்னைநல்லூர் மாரியம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடிப்போய்க் கிளம்பவிருந்த பள்ளி பஸ்ஸை நிறுத்தினோம். ஒவ்வொரு பாவாடையாகத் தடவிப் பார்த்தோம். இல்லை.

பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் அப்பா, பேங்க்கில் வேலை பார்ப்பவர், வயிற்றின் மேல் கையை வைத்தபடியே நின்றிருந்தார். வயிற்று வலியோ என்று நினைத்தேன். கையை எடுத்தார். சட்டையில் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் என் ஊக்கு. நாங்கள் பார்க்காத நேரத்தில் டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டாராம். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அவர் கழற்றிக் கொடுத்துவிட்டு, சட்டையை இழுத்து மூடப் பார்த்தார். மூடவில்லை.

"பரவால்லம்மா, பஸ் முழுக்க என் தொப்பையைப் பாத்தாச்சு, இனிமே எதுக்கு மூடணும்?"

எல்லாவற்றுக்கும் ஆமா

எங்கள் வகுப்பில் ஹனா என்று ஒரு பெண் பிள்ளை. அப்பா துபாயில், அம்மா நிலோபர் அய்யம்பேட்டையிலிருந்து காரில் கொண்டுவந்து விடுவார். தங்கமான பிள்ளை. என்ன கேட்டாலும் பெரிய கண்ணை இன்னும் பெரிசாக்கி "ஆமா" என்று மட்டும் சொல்லும். சாப்பிட்டியா? ஆமா. சாப்பிடலையா? ஆமா.

அடுப்பில்லாச் சமையல் நாளன்று ஹனாவின் குழு எலுமிச்சை ஜூஸ் போட்டது. "சர்க்கரை போட்டாச்சா?" என்று டீச்சர் கேட்டார். ஆமா. நான் கேட்டேன். ஆமா. பெற்றோருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தோம். ஒவ்வொருவராகக் குடித்துவிட்டுச் சிரித்தார்கள். கண் மட்டும் சுருங்கியது. சர்க்கரைப் பொட்டலம் பிரிக்காமல் மேஜைக்கு அடியிலேயே இருந்தது. நிலோபர் தன் டம்ளரைக் கடைசி வரை குடித்து வைத்துவிட்டு என் காதோரம் சொன்னார்.

"வீட்லயும் இதே கதைதான் ஆயாம்மா. 'நீ யானையா'ன்னு கேட்டுப் பாருங்க, ஆமாங்கும்."

ஐம்பத்தொன்பது

கடைசி வெள்ளிக்கிழமை பெரிய நிகழ்ச்சி. வயல் நாடகம். நாற்று, கொக்கு, தவளை எல்லாம் உண்டு. ஹனா நண்டு. கறுப்பு சாக்ஸில் பஞ்சடைத்துப் பத்துக் கால், காலுக்கு ஒன்றாகப் பத்து ஊக்கு. பக்கவாட்டிலேயே நடந்து மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது பாருங்கள், கண் பட்டுவிடும். இறங்கினதும் அதுக்கும் அவசரம். "ஆயாம்மா" என்று காலை இறுக்கிக்கொண்டு நின்றது. அள்ளிக்கொண்டு ஓடினேன். கழிவறை வாசலில் வைத்தே சாக்ஸ்களைக் கழற்றி எறிந்தேன்.

எல்லாம் முடிந்து எண்ணினால் ஐம்பத்தொன்பது. இந்தமுறை மல்லிகாவுக்கும் ஐம்பத்தொன்பது. வந்த அப்பாக்களின் சட்டையையெல்லாம் முதலில் பார்த்துவிட்டாள். வகுப்பில் பிள்ளைகள் விளையாட வைத்திருந்த காந்தத்தை எடுத்துவந்து மேடை, வராண்டா, கழிவறை வாசல் எல்லாம் தடவினோம். கொண்டை ஊசி வந்தது, ஆணி வந்தது, ஊக்கு வரவில்லை. ரேவதி மேம் நோட்டைப் பார்த்தார். கடைசியாக அவிழ்த்தது நண்டு. ஹனா முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார், "பின்னை வாயில வெச்சியாடா செல்லம்?"

ஆமா.

"முழுங்கிட்டியா?"

ஆமா.

அந்தப் பிள்ளை எதற்கும் ஆமா சொல்லும் என்று எனக்குத் தெரியும், மேமுக்குத் தெரியும், பெற்ற தாய்க்கும் தெரியும். ஆனால் இந்த ஒரு ஆமாவை மட்டும் பொய் என்று தள்ள எங்களில் யாருக்குத் துணிச்சல் வரும்? நிகழ்ச்சி பார்க்க வந்திருந்த நிலோபரின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நிலையில் அவரை வண்டி ஓட்ட விடாமல் பள்ளிக் காரை வரச் சொன்னார்கள், தஞ்சாவூரில் எக்ஸ்ரே எடுக்க. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஹனாவைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது இதை மட்டும் கேட்டார்.

"ஆயாம்மா, அவிழ்த்தது நீங்கதானே? கொஞ்சம் நல்லா யோசிச்சுப் பாருங்களேன்."

அம்மன் கொடுத்த இடம்

யோசித்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மேடைக்குப் பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு, "தாயே, அந்தப் பிள்ளை வயித்துல ஒண்ணும் இருக்கக்கூடாது. அதுக்குப் பதிலா என் வேலை போனாலும் போகட்டும்" என்று வேண்டிக்கொண்டு, கண்ணில் ஒத்திக்கொள்ளத் தாலியை வெளியே எடுத்தேன். கண்ணோரத்தில் சில்லென்று ஏதோ பட்டது. சாமி மாடத்தில் வைத்த ஐந்தில் ஒன்றல்ல அது. பளபளவென்று புதுசு. என் அறுபதாவது ஊக்கு.

பிள்ளை அவசரத்தில் துடித்தபோது இரண்டு கையும் வேண்டியிருந்தது. என்னைக் கேட்காமலே கை அதைப் பழைய இடத்தில் மாட்டியிருக்கிறது. உங்களிடம் மறைப்பானேன், ஒரு நொடி கெட்ட நினைப்பும் வந்தது. கழற்றி மூலையில் போட்டுவிட்டு, "இதோ கிடைச்சுடுச்சு" என்று சத்தம் போட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் வேலை போனாலும் போகட்டும் என்று இப்போதுதானே சொல்லியிருக்கிறேன்! அந்தச் சூடு ஆறுவதற்குள் பேச்சை மாற்றினால் நாளைக்கு எந்த முகத்தோடு விளக்கேற்றுவது? கழற்றாமலே, தாலியைக் கையில் பிடித்தபடி கேட் வரைக்கும் ஓடினேன். ஐம்பது வயசுக்கு மேல் அப்படி ஓர் ஓட்டம் நான் ஓடினதில்லை.

கார் கேட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னால் போய் நின்றுவிட்டேன். நிலோபர் கண்ணாடியை இறக்கினார். தாலியை நீட்டினேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அல்ஹம்துலில்லாஹ்" என்று சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் அழுதுகொண்டே சிரித்து, மடியில் இருந்த நண்டின் தாடையைப் பிடித்து, "அப்போ நீ முழுங்கவே இல்லையா?" என்று கேட்டார்.

"ஆமா."

டப்பா கை மாறியது

ரேவதி மேம் அறையில் போய் நின்றேன். தாலியில் இருந்ததைச் சொன்னேன். ஒளித்துப் போடலாமா என்று நினைத்ததையும் சொன்னேன்; சொல்லாவிட்டால் அது வயிற்றில் இருந்துகொண்டு குத்தும். அவர் நோட்டைத் திறந்து அன்றைய பக்கத்தைத் தேடி எடுத்தார். அதற்குள் வராண்டாவில் எந்தப் பக்கத்திலிருந்து துடைக்க ஆரம்பிக்கலாம் என்றுகூட நான் யோசித்துவிட்டேன். "அறுபதுன்னு எழுதுங்க" என்றார். எழுதினேன். "எங்கே கிடைச்சதுன்னும் எழுதுங்க." அதையும் எழுதினேன். "பிள்ளைங்க உங்ககிட்டயே இருக்கட்டும் ஆயாம்மா. டப்பாவை மட்டும் மல்லிகாகிட்டக் கொடுத்துடுங்க" என்றார்.

தண்டனை கொடுத்ததாக அவர் நினைத்திருப்பார். ஒரு மாதமாகத் தூக்கத்தில்கூட எண்ணிக்கொண்டிருந்தவள் நான். எனக்கு மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. டப்பாவைக் கொண்டுபோய் மல்லிகாவின் கையில் வைத்தேன். அவள் திறந்து பார்த்தாள், மூடினாள், என் கழுத்தைப் பார்த்தாள்.

"சாமி கும்பிடுறதைக் கொஞ்சம் முன்னாடியே கும்பிட்டிருந்தீங்கன்னா, இது என் தலையில விழுந்திருக்காதுல்ல அக்கா?"

ஒரு மாதம் முழுக்கப் பிள்ளைகள் ஆடினார்கள், பாடினார்கள், நட்டார்கள், சமைத்தார்கள். கையால் செய்து பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டது என்னவோ நான் ஒருத்திதான்.