உப்பில்லாமல் வதங்கிய வெங்காயம்

உப்புப் போடாமல் வதக்கும்போது வெங்காயம் எழுப்பும் சத்தமே வேறு. உப்பு விழுந்ததும் வெங்காயம் தண்ணீர் விட்டுக் குழைந்து சட்டியில் அடங்கிவிடும். உப்பில்லாவிட்டால் ஓரமெல்லாம் முறுகிக் கருகினாலும் நடுப்பாகம் பச்சையாகவே நின்று, எண்ணெயில் வெகுநேரம் சடசடத்துக்கொண்டிருக்கும். நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம் முழுவதும், காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து நான் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். அம்மா அடுப்பைச் சிறுதீயாக வைத்துவிட்டு, வேறு எந்த வேலையையும் தொடாமல், கரண்டியும் கையுமாக அதன் முன்னால் நின்றிருப்பாள்.

அண்ணன் சேகர் அப்போது ஏனாத்தூரில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். நைனா, எங்கள் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏனாத்தூர் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். காலையில் முதல் சவாரியில் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் தொற்றிக்கொண்டு போவார்கள். கொஞ்ச நாளாகவே அண்ணன் தூங்கி எழுந்தால் முகம் ஊதியிருந்தது. "போன்ல பேசிக்கினே தூங்காம கெடந்தா மூஞ்சி ஊதாம என்னடா பண்ணும்" என்று அம்மா திட்டுவாள். பிறகு செருப்பு காலில் நுழையவில்லை. பிறகு சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. காலேஜ் மாடிப்படியில் மயங்கி விழுந்தவனை நைனாவின் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய்விட்டன என்றும், எப்போதிலிருந்து என்று சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாரம் என்பது "மிஷின் நாள்", மிஷின் இல்லாத நாள் என்று இரண்டாகப் பிரிந்துபோனது. மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறவன் வெளுத்துப்போன துணி போல வந்து கட்டிலில் விழுவான். அம்மா தன் சிறுநீரகத்தைத் தருவதாகச் சொன்னாள்; அவளுக்குச் சர்க்கரை இருந்தது, எடுக்கக் கூடாது என்றார்கள். நைனாவின் ரத்த வகை சேரவில்லை. வேறு யாராவது இறந்து, அவர்கள் வீட்டார் மனது வைத்தால் உண்டு என்று பெயரைப் பதிந்துகொண்டு அனுப்பிவைத்தார்கள். அதன் பிறகு அம்மாவின் கையில் மிச்சம் இருந்தது சமையல் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் சொல்லித்தர ஓர் அம்மா இருந்தார். உப்பு கூடாது, தக்காளி கூடாது, கீரை, முருங்கை, வாழைப்பழம், இளநீர், ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் கூடாது. மற்ற காய்களைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வெங்காயம் சாப்பிடலாமாம்மா?"

"சாப்பிடலாம். அதுக்கு ஒண்ணும் பயமில்ல."

பஸ்ஸில் திரும்பும்போது, "வெங்காயம் இருக்குதில்ல, பாத்துக்கலாம்" என்று அம்மா தனக்குத்தானே இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டாள். நான் அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தேன். ஏதோ நல்ல செய்தி என்றுதான் நினைத்தேன்.

முதல் நாட்களில் அண்ணன் தட்டை ஒதுக்கித் தள்ளினான். வேகவைத்து வடித்த பீன்ஸும் கோஸும் காகிதத்தை மெல்லுவது போலிருந்தன. பச்சையாகக் கலங்கியிருக்கும் அந்தத் தண்ணீரைத் தொட்டிமுற்றத்தில் சாய்க்கும்போது, "காயில இருக்கிறதெல்லாம் இதுலதான் போவுது, சக்கையைத்தான் புள்ளைக்குப் போடறேன்" என்பாள் அம்மா. எங்களுக்கும் அதே சாப்பாடுதான். நைனா ஒருநாள், "எங்களுக்காவது தனியா உப்பு போட்டு எடுத்து வெச்சிடேன்" என்று மெதுவாகச் சொன்னார். "அவன் பாத்துக்கினு இருக்கச் சொல்ல நாம ருசியா தின்றதா?" என்று கேட்டுவிட்டு அம்மா அவர் தட்டில் சோற்றைப் போட்டாள். நைனா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உப்பு ஜாடியை அம்மா அலமாரியின் மேல்தட்டில், பண்டிகைப் பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

பிறகு அவள் வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டாள். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. சின்ன வெங்காயத்தை உரிக்காமல் தோசைக்கல்லில் போட்டு, மூடிவைத்து, தோல் கருகி உள்ளே தேன் போலக் குழைந்ததும் எடுத்து, பச்சைமிளகாயோடு நசுக்கி, எலுமிச்சை ஒரு சொட்டு விட்டுத் தருவாள். பெரிய வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, அவசரப்படாமல் பழுப்பாக முறுகவிட்டு, வடித்த சுரைக்காயின் மேல் தூவுவாள். கத்திரிக்காயைப் பிளந்து, வதக்கிய வெங்காயமும் தனியாவும் அரைத்து உள்ளே திணிப்பாள். புடலங்காய்க்குச் சீரகம், கோவைக்காய்க்கு வறுத்த மிளகு, கோஸுக்குக் கடுகோடு இஞ்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை தேடினாள். பெருமாள் கோயில் இட்லி பிரசாதமாகக் கையில் வந்தபோது அதை மோந்து பார்த்துவிட்டு, "இதுல உப்பு முன்னால வர்ல பாரு, சுக்கும் மிளகும்தான் வருது" என்றவள், மறுநாளே சுக்கும் மிளகும் நெய்யும் சேர்த்து உப்பில்லாத இட்லி செய்தாள். அண்ணன் அதைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டான். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனது எனக்கு நினைவிருக்கிறது.

காய் கொண்டுவந்து கொடுத்தவர் தாமலிலிருந்து கூடையோடு பஸ்ஸில் வரும் ஓர் அம்மா. பேர் பச்சையம்மா; தெருவில் எல்லோருக்கும் "தாமல்காரம்மா". ஏரித் தண்ணீர் பாயும் துண்டு நிலத்தில் பயிர் வைத்திருந்தார். எங்கள் வீட்டு விஷயம் தெரிந்த பிறகு, கூடையில் எங்களுக்கென்று ஒரு மூட்டை தனியாக இருக்கும். "முத்தல ஒண்ணும் போடலமா. தம்பிக்குன்னு பிஞ்சா பாத்து பறிச்சிக்கினு வந்தேன்" என்று சுரைக்காயை நகத்தால் கீறிக் காட்டுவார். கட்டிலில் கிடக்கும் அண்ணனை வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, "எழுந்துருபா, எழுந்து ஒரு நாளு எங்கூரு ஏரிக்கு வா" என்பார். அண்ணனும் முதலில் சிரித்து, வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தான்.

அவனுக்குப் பசியைவிடத் தாகம்தான் பெரிய வேதனையாக இருந்தது. தண்ணீரை ஒரு சின்ன டம்ளரில் அளந்துதான் தரவேண்டும். ரசம், மோர் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால் சோற்றைக் கெட்டியாகவே பிசைந்து தின்றான். நான் பள்ளியிலிருந்து வந்து குடத்தடியில் தண்ணீர் மொண்டு குடிக்கும்போது அவன் கண் என் தொண்டையின் மேல் இருக்கும். பிறகு நான் தெருக்குழாயிலேயே குடித்துவிட்டு வீட்டுக்குள் வரப் பழகினேன். காலேஜ் கூட்டாளிகள் கொஞ்ச நாள் வந்தார்கள். பரீட்சை வந்தது, அதோடு வருவது நின்றது.

மழைக்காலம் முடியும்போது அவன் கையில் ஊசி போடும் நரம்பு அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் வைத்தார்கள். அதில் சீழ் பிடித்தது. ஒருநாள் மிஷினிலிருந்து வந்து படுத்தவன் அம்மாவைக் கூப்பிட்டு, "முருங்கைக்காய், தக்காளி, சின்ன வெங்காயம் எல்லாம் போட்டு ஒழுங்கா ஒரு சாம்பார் வையும்மா. உப்பு போட்டு. ஒரே ஒரு நாளு" என்றான்.

"நல்லாயிடு, தெனம் வெச்சித் தரேன்."

"நான் நல்லாவ மாட்டேம்மா."

அம்மா எழுந்து உள்ளே போனாள். நைனா சமையலறை வாசலில் வந்து நின்றார். "கேக்கறான் இல்ல, வெச்சிக் குடேன்."

"குடுத்து மூச்சு முட்டிப் போச்சின்னா நீ பதில் சொல்லுவியா?"

"குடுக்காம இருந்தா மட்டும் இருப்பானா?"

அவர்கள் இருவரும் சண்டை போட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நைனா ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா வழக்கம் போல வெங்காயத்தை அரிந்து, உப்பில்லாமல் அடுப்பில் போட்டாள்.

அந்தச் சாம்பாரை அவள் வைத்தது தை மாதத்தில். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் நைனாவைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் உடம்பு மிஷினைத் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அவன் கேட்பதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டிருந்தார். மறுநாள் காலையில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, மேல்தட்டிலிருந்து உப்பு ஜாடியை இறக்கினாள். உப்பு இறுகிப்போயிருந்தது, கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுத்தாள். முருங்கைக்காயைத் தாமல்காரம்மா கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சின்ன வெங்காயம் நெய்யில் வதங்கி, தக்காளி கரைந்து, புளியும் பெருங்காயமும் சேர்ந்து கொதித்தபோது எங்கள் வீடு மற்ற வீடுகளைப் போல ஆகிவிட்டது. எனக்கு வாயெல்லாம் ஊறியது.

அண்ணனை நைனா தோளில் சாய்த்து உட்காரவைத்தார். அம்மா சோற்றைக் குழையப் பிசைந்து ஒரு வாய் ஊட்டினாள். அவன் வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு முகம் சுருங்கியது. விழுங்க முடியாமல் அம்மாவின் உள்ளங்கையிலேயே துப்பினான்.

"உப்பு கரிக்குதும்மா" என்றான். "நாக்கு எரியுது."

அம்மா தன் விரலை நக்கிப் பார்த்தாள். நைனா கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். எனக்கும் கொடுத்தாள். எங்களுக்கும் கரித்தது. பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது எல்லோர் வீட்டு அளவுதான். எங்கள் நாக்குதான் அதைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

"நம்ம வூட்டு மாதிரியே செஞ்சி குடும்மா. அந்தச் சுட்ட வெங்காயம்" என்றான் அண்ணன்.

இத்தனை மாதமும் அவன் ஏங்கிக்கொண்டிருந்த ருசி அவனுக்கு ஆகாமல் போய்விட்டது. அவனுக்கு ஒரே ஆசை மிச்சமிருந்தது, அதையும் தன் உப்பில்லாச் சமையல் எடுத்துக்கொண்டுவிட்டது என்று அம்மா அப்போது நினைத்திருக்க வேண்டும். நான் அதை விளங்கிக்கொள்ள வெகுகாலம் ஆனது. அவள் அழவில்லை. எழுந்து போய்த் தோசைக்கல்லை வைத்து வெங்காயத்தைச் சுட்டாள். அண்ணன் அதில் கொஞ்சம் தின்றான். அந்த வாரத்துக்குள் போய்விட்டான்.

சாவு வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து சோறு வந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைத் தின்ன முடியாமல் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து விழுங்கினோம்.

இப்போது நான் வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். நைனா பஸ் ஸ்டாண்டிலேயே மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார். எங்கள் வீட்டில் ஊரைப் போல உப்புப் போட்டுத்தான் சமையல். எங்கள் நாக்கு எப்போது திரும்பி வந்தது என்று தெரியாமலே வந்துவிட்டது. தாமல்காரம்மா வருவதில்லை. முட்டி தேய்ந்து படுத்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். காய் எல்லாம் கடையிலிருந்து பாலிதீன் பையில் வருகிறது. திணித்த கத்திரிக்காயோ, சுக்கு மிளகு இட்லியோ அம்மா அதற்குப் பிறகு ஒரு நாளும் செய்ததில்லை. நான் ஒருமுறை சுரைக்காயை அந்த மாதிரி செய்து பார்த்தேன். வடித்த காயாகத்தான் இருந்தது.

போன மாதம் எதிர் வீட்டு மல்லிகா அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரருக்கு அதே நோய்; மிஷினில் போட ஆரம்பித்திருக்கிறார்கள். "உங்க புள்ளைக்கு நீங்கதான் பாத்து பாத்து செஞ்சீங்கன்னு சொன்னாங்கம்மா. என்ன செஞ்சி போடறதுன்னே தெரியல. ரெண்டு மூணு சொல்லிக் குடுத்தீங்கன்னா…" என்று வாசற்படியில் நின்று கேட்டார்.

அம்மா அவரை உள்ளே கூப்பிடவில்லை. "எனக்கு எதுவும் நெனப்பில்லமா. ஆஸ்பத்திரிலயே கேட்டுக்க" என்றாள்.

அவர் போன பிறகு நான் அம்மாவைப் பார்த்தேன். சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"சொல்லிக் குடுத்தா அந்தப் பொண்ணு நம்பும்" என்றாள். "நான் நம்பின மாதிரி."

எதிர் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. மல்லிகா அக்காவும் திரும்ப வரவில்லை.