நாலாம் எண்ணுக்கு ஒரு மூச்சு

மாலை நான்கு மணி இருபது நிமிடம். தரைப்பாலத்தின் மேல் முதலில் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குடம். நிமிர்ந்தபடியே மிதந்து, சாலையை இடமிருந்து வலமாகக் கடந்து, முள்ளுக்குள் போய் மறைந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அங்கே சாலைக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது என்பது எனக்கு உறைத்தது.

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளி முடிந்த வாரம் அது. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து அருப்புக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி மழை இல்லை. இருபுறமும் சீமைக்கருவேலம் புழுதி படிந்து நின்றது. மேற்கே மட்டும் வானம் கறுத்திருந்தது.

வேனின் ஐந்து இருக்கைகளில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். முப்பது வருடங்களுக்கு முன் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். அந்த அறையில் ஆறு கட்டில்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியே அழைத்துப் போகும்போதெல்லாம் வார்டன் எங்களைக் கட்டில் வரிசைப்படி எண் சொல்ல வைப்பார். ஆறு எண்ணும் காதில் விழுந்த பிறகுதான் வாசல் கதவு திறக்கும். அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் நாங்கள் கூடினால் ஒரு தடவை எண்ணிக்கொள்வோம். ஒருவரை ஒருவர் கூப்பிடுவதும் எண்ணைச் சொல்லித்தான்.

நான் ஐந்து. நான்காம் எண்காரி புற்றுநோயில் இறந்துவிட்டாள். அவள் பிறந்தது இந்தத் திருச்சுழிப் பக்கம். அவள் நினைவாக ஆண்டுக்கு ஒரு பெண்ணை இந்தப் பகுதியிலிருந்து தேர்ந்தெடுத்து, எங்கள் கல்லூரியில் படிக்க வைக்கிறோம். எண்ணும்போது நான்கு வரும் இடத்தில் யாரும் பேசமாட்டோம். ஒரு மூச்சு விடுவோம். பிறகு நான் ஐந்து என்பேன்.

அந்த ஆண்டு தேர்ந்தெடுத்த பெண் தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். தீபாவளி கழித்து விடுதியில் இடம் கிடைத்தது. நாங்களே போய் அழைத்து வருவது என்று முடிவு செய்தோம். மெத்தை, போர்வை, டிரங்குப் பெட்டி, வாளி எல்லாம் அருப்புக்கோட்டையில் வாங்கி ஏற்றிக்கொண்டு போனோம். இருக்கைகள் ஐந்துதான் என்பதால், திரும்பும்போது அவளைப் பின்னால் சாமான்களோடு உட்கார வைத்தோம். அவளுக்கும் எங்களுக்கும் நடுவே இருக்கையின் முதுகு. அதன் மேல் கூரை வரைக்கும் மெத்தைச் சுருள். வேனின் பின்கதவு வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும்.

வேனை ஓட்டியவள் இரண்டு. அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருக்கிறாள். தண்ணீரைப் பார்த்து நான் தயங்கியபோது சிரித்தாள்.

“கணுக்கால் தண்ணி. நான் வாரத்துக்கு ரெண்டு லோடு ஏத்திட்டு வர்ற ரோடு இது. அஞ்சு, நீ பேப்பர்ல எழுதி எழுதியே பயந்துபோயிட்ட.”

“எழுதினவளுக்குத்தான தெரியும்,” என்றேன்.

“அப்ப நாளைக்கு உன் பேரும் வரும், போ,” என்றாள் ஆறு. எல்லோரும் சிரித்தோம்.

நாளிதழ் ஒன்றில் இருபது ஆண்டு வேலை பார்த்தவள் நான். தரைப்பாலத்தில் வண்டி அடித்துச் செல்லப்பட்ட செய்தியை எத்தனை முறை நாலு வரியாகச் சுருக்கியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனாலும் ‘வேண்டாம், நிறுத்து’ என்று நான் சொல்லவில்லை. நண்பர்கள் சிரிக்கும்போது அந்தச் சொல் வாயில் வருவதில்லை.

பாலத்தின் நடுவில் என்ஜின் நின்றது. இரண்டு மறுபடி மறுபடி சாவியைத் திருப்பினாள். தண்ணீர் கதவின் அடியில் கசிந்து செருப்பை நனைத்தது. பின்னாலிருந்து அந்தப் பெண், “மேடம், என்னாச்சு?” என்றாள். நான் திரும்பாமலே பதில் சொன்னேன்.

“ஒண்ணுமில்லம்மா. நான் சொல்ற வரைக்கும் அசையாம உக்காந்திரு.”

அடுத்த ஐந்து நிமிடங்களில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. கரிசல் மண் கரைந்த கறுப்புத் தண்ணீர். பாலத்தின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வேன் ஒரு முறை, மெதுவாக, பக்கவாட்டில் அசைந்தது. மாடு படுத்த இடத்தில் புரள்வதுபோல அசைந்தது.  பக்கக் கதவை இழுத்துத் திறந்து இறங்கினோம். சேலைகளை வரிந்து கட்டி, கைகளைக் கோத்துக்கொண்டு, காலால் தார்ச்சாலையைத் தடவித் தடவி நடந்தோம். மூன்றுக்கு மூட்டு வலி. அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. முப்பது அடி தூரம்தான். கரையேறியபோது எல்லோருக்கும் பல் கிட்டித்துப்போயிருந்தது.

ஒன்று தொடங்கினாள். “ஒன்று.”

“இரண்டு.”

“மூன்று.”

ஒரு மூச்சு.

“ஐந்து,” என்றேன்.

“ஆறு.”

“எல்லாரும் வந்தாச்சு,” என்றாள் ஒன்று. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. நாங்கள் அவளைக் கட்டிக்கொண்டோம்.

கரையோரத்தில் கரி மூட்டம் போடும் கணவனும் மனைவியும் எங்களைப் பார்த்து ஓடி வந்தார்கள். கணவர் தோளில் கயிற்றுச் சுருள். மனைவி வருகிற வழியில், கரை வளையும் மேட்டில் நின்றுவிட்டாள். அங்கிருந்தே சத்தமாகக் கேட்டாள்.

“எத்தன பேரு வந்தீக?”

“அஞ்சு பேரும்மா. எல்லாரும் ஏறிட்டோம்,” என்றேன்.

“அப்ப பின் கண்ணாடியில தெரியுறது யாரு கையி?”

நாங்கள் நின்ற இடத்திலிருந்து வேனின் முன்பக்கம் மட்டுமே தெரிந்தது. நான் மேட்டுக்கு ஓடினேன். பின் ஜன்னல் கண்ணாடியில் ஐந்து விரல்களும் விரிந்த ஒரு உள்ளங்கை ஒட்டியிருந்தது. தட்டிக்கொண்டிருக்கவில்லை. வெறுமனே ஒட்டியிருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எதுவும் தோன்றவில்லை.  அவ்வளவுதான்.

சாவி இரண்டின் கையில் இருந்தது. விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவள் “நான் போறேன், நான் போறேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்; கால் நகரவில்லை. கணவர் கயிற்றின் ஒரு முனையைக் கரையிலிருந்த பனையில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றினார். தானே சாவியைக் கேட்டார். அந்தக் கதவைத் திறக்க, சாவியைத் திருகியபடியே கைப்பிடியை ஒரு தடவை உள்ளே அமுக்க வேண்டும். காலையில் சாமான் ஏற்றியபோது அதை இரண்டு எனக்குக் காட்டியிருந்தாள். நானும் வருகிறேன் என்றேன்.

“சாவிய கையில வச்சுக்கிறாதீக. முந்தியில முடிஞ்சுக்கங்க,” என்றாள் அவர் மனைவி. முடிச்சையும் அவளே போட்டாள். 

இப்போது தண்ணீர் தொடைக்கு மேல். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். முள் கொப்பு ஒன்று மிதந்து வந்து காலில் சுற்றியது. அதை உதறக்கூட ஒரு காலைத் தூக்க முடியாது. நாங்கள் பின்பக்கம் போய்ச் சேர்வதற்குள் வேன் இரண்டு முறை நகர்ந்தது. முதல் தடவை சாவி நுழையவில்லை. இரண்டாவது தடவை நுழைந்தது. கைப்பிடியை அமுக்கினேன். கதவு மேலே எழும்பியது.

அவள் டிரங்குப் பெட்டியின் மேல் மண்டியிட்டிருந்தாள். தண்ணீர் பெட்டியின் மூடிக்கு மேல். புதுப் போர்வையை நனையாமல் தலைக்கு மேல் ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“உக்காந்திருக்கச் சொன்னீக மேடம்,” என்றாள். குரலில் குறையோ கோபமோ இல்லை. அதுதான் இன்றும் என் காதில் இருக்கிறது.

“போர்வைய விடு தாயி,” என்றார் அவர். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகுதான் விட்டாள்.

அவளை நடுவில் விட்டுக் கரையேறினோம். நாங்கள் பனைமரத்தைத் தொட்ட சற்று நேரத்தில் வேன் பாலத்தை விட்டு இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, திரும்பியது. மறுநாள் அரைக் கிலோமீட்டர் தள்ளி முட்காட்டில் கிடந்தது.

கரையில் பழக்கத்தில் ஒன்று மறுபடி “ஒன்று” என்றாள். யாரும் தொடரவில்லை.

அன்று இரவு அந்தப் பெண்ணை அருப்புக்கோட்டையில் இரண்டின் வீட்டில் தங்கவைத்தோம். மறுநாள் விடுதியில் விட்டோம். ஊரில் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். அது சரியாகாது என்று எனக்குப் பட்டது. அவள் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததை வரிசையாக, எதையும் விடாமல் சொன்னேன். எண்ணியதையும் சொன்னேன். 

“பிள்ள இப்ப எங்க இருக்கா?”

“ஹாஸ்டல்லதாம்மா. நல்லா இருக்கா.”

“சரிங்க. நீங்க நல்லவுகதான். ஆனா அடுத்த தடவ நான் பஸ்ஸுலயே அனுப்பிக்கிறேன்.”

 

விபத்துச் செய்தி சேகரிக்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி எத்தனை பேர் என்பதுதான். புதிதாக வந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே நான். அன்று என்னிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது, தயங்காமல், உறுதியாக, தப்பாகச் சொன்னேன். இறந்துபோன தோழிக்கு ஒவ்வொரு முறையும் இடம் விட்டு எண்ணினோம். அவள் பெயரால் கூட்டி வந்த பெண்ணுக்கு எங்கள் எண்ணிக்கையில் இடம் வைக்கவில்லை.

அடுத்த முறை கூடியபோது நாலாம் எண்ணை அவளுக்குக் கொடுக்க நினைத்தோம். “அது அவுகளோடதுல்ல மேடம்,” என்று மறுத்துவிட்டாள்.

போன மாதம் மதுரை ரயில் நிலையத்தில் எங்களை வழியனுப்ப வந்திருந்தாள். ஊரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். வண்டி கிளம்புவதற்கு முன் எண்ணினோம். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு மூச்சு. ஐந்து, ஆறு, ஏழு.