தீக்குச்சி காட்டாத துணி

துணி எங்கிருந்து வந்தாலும் சரி, ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டிப் பார்த்த பிறகுதான் பொற்கொடி தைக்கவே உட்காருவாள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், சாம்பல் உதிரும். பாலியஸ்டர் உருகிக் கருமணியாகத் திரளும். பெருந்துறை மில்லில் அவளும் மெர்சியும் ஒன்றாய்க் கற்றது இது.

அந்த மெர்சியோடு சேர்ந்துதான் கோவையில் ஜன்னலுக்கு வெயில் மறைக்கும் பிளைண்ட்ஸ் திரை தைக்கும் கடை போட்டாள். பாலியஸ்டர் மாதிரிப் பிளாஸ்டிக் துணி வெயில் ஏறினால் நாறும், தூக்கிப் போட்டால் மண்ணும் தின்னாது. அதைத் தொடவே மாட்டேன் என்று பொற்கொடிக்குப் பிடிவாதம். அதனால்தான் பீளமேட்டில் புதிதாய் எழும்பிய நூலகத்துக்கு, மேற்கு வெயிலைத் தடுக்க, சாயம் போடாத பருத்திக் காடா துணி வேண்டுமென்று இன்ஜினியர் மருதாசலம் அவளைத் தேடி வந்தார். "நீங்க சொன்னாப் போதுங்க அம்மணி" என்றார்.

துணி வாங்கிவந்தது மெர்சி. அதற்கு மட்டும் பொற்கொடி தீக்குச்சி உரசவில்லை. கூடப் பிறந்தவள் மாதிரி இருப்பவளைச் சோதித்தது போல ஆகிவிடாதா?

கடைசி ஜன்னலில் மாட்டும்போது ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது. கத்தரி கீழே கிடந்தது. தீக்குச்சி கிழித்துப் பொசுக்கினாள். நூல் உருகிக் கருமணியானது.

ஏணியைப் பிடித்திருந்த மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன கண்ணு இது?"

"காடா கெடைக்கலீங்கக்கா. சொன்ன நாளும் நெருங்கிப்போச்சு. பாத்தாப் பருத்தி கணக்காத்தான இருக்குது?"

"நான் பத்த வெச்சுப் பாத்திருந்தா?"

"நாங் கொண்டாந்தா நீங்க பத்த வெக்க மாட்டீங்கன்னு தெரியுமுங்க."

பொற்கொடி துணி மாறியதைக்கூடப் பொறுத்திருப்பாள். தன் நம்பிக்கையையே இவள் கணக்குப் போட்டு வைத்திருந்திருக்கிறாளே!

"விடுங்கக்கா, மாட்டியாச்சு."

"மாட்டுனது நானு. கழட்டறதும் நாந்தான். ஏணியப் புடி."

எல்லாவற்றையும் கழற்றினாள். மருதாசலத்திடம் தானே போய்ச் சொன்னாள்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னொருக்கா உங்கள நம்பலாமுங்களா?"

"நம்பாதீங்க. தீப்பெட்டி எடுத்துட்டு வாங்க."

மெர்சி அலைந்து திரிந்து காடா கொண்டுவந்தாள். தானே நூலை உருவித் தீப்பெட்டியோடு நீட்டினாள். வேண்டாம் கண்ணு என்று அக்கா சொல்லிவிடுவாள் என்று பார்த்தாள். பொற்கொடி வாங்கி, மெர்சியின் கண் முன்னாலேயே பற்ற வைத்தாள். காகித வாசம் வந்தது.

"இப்பச் சரிதானுங்கக்கா?"

"துணி சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.